பந்தயக் காரும் சத்திக் கணக்கும்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் கற்றோர் பலர் முகஞ் சுளிப்பர். செல்வர் பொழுதுபோக்கவும், நிறுவனங்கள் தம் பெயரை விளம்பரஞ் செய்யவும், இளைஞர் சிலர் உயிரைப் பணயம் வைக்கவும் ஏற்பட்ட வீண் ஆரவாரம் அது என்பது அன்னார் கருத்து. அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. 1955ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லெ மான் நகரில் ஒரே விபத்தில் எண்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டமையை அறிந்தவர் எவரும் அதனை முற்றாக மறுக்க முற்படார். எனினும், அதே லெ மானில் 2014 தொடக்கம் 2017 வரை நான்காண்டு காலம் நடைபெற்ற போட்டியைப் பந்தயம் என்று மட்டுஞ் சொல்லி ஒதுக்குதல் பொருந்தாது. சத்தியைச் சிக்கனமாகச் செலவிடும் கலையில் உலகின் முதன்மையான மூன்று மோட்டார் நிறுவனங்கள் எழுதிய பரீட்சை அது. அப்பரீட்சையின் வினாத்தாள் செவ்வையாக அமைந்திருந்தது என்பதும், அதனைக் கைவிட்டு இப்பொழுது கைக்கொள்ளப்படும் முறை அதனினுந் தாழ்ந்தது என்பதும் யான் ஈண்டுக் கூறவிழையுங் கருத்துக்கள். பொறியியற் பீடத்தை நோக்கிக் கண்ணுங் கருத்துமாய்ப் படிக்கும் மாணவர் பலரையும், அத்துறையிலே தொழில் புரியும் பழைய மாணவர் பலரையும் உடைய கல்லூரியொன்றின் விழா மலரில் இவ்விடயம் இடம்பெறுதல் தகாதென எவருங் கூறார் என நம்புகின்றேன்.

லெ மான் பந்தயம் 1923ஆம் ஆண்டு தொடங்கியது. பாதையின் சுற்றளவு பதின்மூன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்; அதிற் பெரும்பகுதி மற்றைய நாட்களில் ஊரவர் போய்வரும் பொதுத் தெரு. மூவர் மாறி மாறி ஓட்ட, ஒரே கார் இருபத்துநான்கு மணி நேரம் ஓடவேண்டும். 2015ஆம் ஆண்டில் வென்ற கார் 395 சுற்றுக்களை, அஃதாவது 5,380 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஓடியது. இலங்கையின் நீளம் ஏறக்குறைய 435 கிலோமீற்றர். வடமுனையிலிருந்து தென்முனைக்கு ஒரு நாட்பொழுதில் ஆறுமுறை போய்த் திரும்பியதற்கு அது ஒப்பாகும். இரவின் இருளும், திடீரென வரும் மழையும், வேகங் குறைந்த வேறு வகுப்புக் கார்களின் நெருக்கமும் இதனுள் அடங்கும். பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டு, கடைக்கு விற்பனைக்கு வாராத கார்களே முதல் வகுப்பில் ஓடுவன. இவற்றையே மூலமாதிரிக் கார் என்பர்.

இனி, ஹைபிரிட் என்பது யாது? நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ரொயோட்டா பிரியஸ், அக்குவா முதலியவற்றால் இச்சொல் இன்று சிறுவர்க்கும் பழக்கமானதே. எரிபொருளால் இயங்கும் எஞ்சினும் மின்மோட்டரும் ஒருங்கே அமைந்த வாகனம் அது. பிறேக்கை மிதிக்கும்போது வீணாகும் சத்தியை மின்னாக மாற்றிச் சேமித்து, பின்னர் வேகமெடுக்கும்போது திருப்பிக் கொடுத்தலே அதன் உயிர்நிலை. இக்கருத்து புதியதன்று. பேர்டினண்ட் போர்ஷே என்பார் 1900ஆம் ஆண்டளவிலேயே பெற்றோல் எஞ்சினும் சில்லுகளிற் பொருத்திய மின்மோட்டர்களும் உடைய வண்டியொன்றைச் செய்து ஓட்டினார். கருத்து பழையதாயினும், அதனைப் பந்தயத்துக்கு இசைவித்தல் ஒரு நூற்றாண்டுக்கு அண்மிய காலம் கைகூடவில்லை. ஏன் கைகூடவில்லை என்பதை உயர்தர வகுப்பு மாணவர் தம் பௌதிகவியற் கொப்பியிலேயே கண்டுகொள்ளலாம்.

ஓட்டுநரோடு சேர்த்து 950 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 330 கிலோமீற்றர் வேகத்தில் நேர்வீதியின் முடிவை அடைகின்றதென்க. அதன் இயக்கப்பண்புச் சத்தி ஏறக்குறைய 4 மெகாயூல். வளைவிலே திரும்புதற்கு வேகத்தை 100 கிலோமீற்றராகக் குறைக்கும்போது 3.6 மெகாயூல் அளவு கைவிடப்படுகின்றது. நம் வீட்டுக் கிணற்று நீரில் பன்னிரண்டு லீற்றரைக் கொதிக்கவைக்க அது போதும். சாதாரணப் பந்தயக் காரில் இச்சத்தி முழுவதும் பிறேக்குத் தட்டுக்களைச் செந்தணலாய்ச் சிவக்கச் செய்து காற்றோடு போய்விடும். இதனை மீட்டெடுத்தல் எத்துணை இலாபம் என்று எண்ணுதல் எளிது. ஆனால் அது முழுவதும் வெளிப்படுவது நான்கைந்து விநாடிக்குள். சராசரி 800 கிலோவாற்று வேகத்திற் பாயும் மின்னை ஏற்றுக்கொள்ளவல்ல கலம் எது? சிக்கல் அங்கேதான் உள்ளது. பற்றரி என்பது வாய் குறுகிய குடம் போன்றது: நிறையக் கொள்ளும், ஆயின் விரைந்து நிரம்பாது. கொள்ளளவி என்பது வாயகன்ற தட்டம் போன்றது: ஊற்றியவுடன் நிரம்பும், ஆயின் கொள்வது சிறிது. இரண்டுக்கும் நிறை உண்டு. நிறை கூடினால், மீட்ட சத்தியிற் பெரும்பங்கை அந்நிறையைச் சுமப்பதற்கே செலவிட நேரும்.

1998ஆம் ஆண்டில் அமெரிக்கப் பனோஸ் நிறுவனத்தினர் பற்றரியும் மோட்டரும் பூட்டிய காரொன்றை லெ மானுக்குக் கொண்டு சென்று, நிறை மிகுதியால் வேகங் குன்றி, தகுதிகாண் சுற்றிலேயே தோல்வியுற்றனர். 2007இல் ஜப்பானின் தொக்காச்சியில் நடந்த இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் ரொயோட்டாவின் சுப்ரா வென்றது. அவ்வளவு நீண்ட பந்தயமொன்றில் ஹைபிரிட் கார் ஈட்டிய முதல் வெற்றி அதுவே. 2012இல் ஜேர்மனியின் அவுடி நிறுவனத்தார் லெ மானிலேயே வென்றனர்.

அதன்பின் வந்ததே யான் மேலே புகழ்ந்த 2014ஆம் ஆண்டு விதி. முன்னர் விதி வகுப்போர் எஞ்சினின் கனவளவை அளந்தனர். காற்றுப் புகும் வாயிலை ஒடுக்கினர். 2014இல் அவ்வழக்கம் பெரிதும் மாறியது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு எரிபொருட் சத்திதான் செலவிடலாம் என வரையறுத்து, அதன்பின் எஞ்சின் எத்தகையது, சேமிக்குங் கலம் எத்தகையது என்பவற்றை அவரவர் அறிவுக்கே விட்டனர். மீட்கப்பட்ட மின்சத்தியில் ஒரு சுற்றுக்கு 2, 4, 6, 8 மெகாயூல் என நான்கு படிகள். கூடிய படியைத் தெரிபவர்க்கு எரிபொருள் குறைக்கப்படும். எரிபொருள் எவ்வளவு பாய்கின்றதென்பதைக் காரிற் பொருத்திய மானி கணந்தோறும் அளக்கும். முந்திய ஆண்டைக் காட்டிலும் எரிபொருள் நூற்றுக்கு முப்பது அளவிற் குறைக்கப்பட்டது. கேள்வி ஒன்று, கொடுக்கப்பட்ட பண்டம் ஒன்று, விடை காணும் வழி மட்டும் பல. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இத்தகைய வினாவின் அருமையை உணர்வர்.

மூன்று நிறுவனத்தார் விடை எழுதினர். மூவர் விடையும் ஒன்றுக்கொன்று சிறிதும் ஒவ்வாதவை. அவுடியார் நான்கு லீற்றர் டீசல் எஞ்சினோடு, வெற்றிடத்துள் நிமிடத்துக்கு நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட முறை சுழலும் கரிநார்ப் பறப்புச்சில்லு ஒன்றிற் சத்தியைச் சேமித்தனர். ரொயோட்டாவினர் எட்டு உருளைப் பெற்றோல் எஞ்சினையும் கொள்ளளவியையும் தெரிந்தனர். போர்ஷே நிறுவனத்தாரோ இரண்டு லீற்றர்க் கனவளவும் நான்கே உருளைகளும் உடைய சிறு எஞ்சினை வைத்து, திரவத்தாற் குளிரூட்டப்பட்ட லிதியம் பற்றரியைத் தெரிந்தனர். அதனோடு அவர் நில்லாது, புகைக்குழாயில் வெளியேறும் வெப்ப வாயுவின் பாதையிற் சிறு சுழலியொன்றை அமைத்து, அதனாலும் மின் பிறப்பித்தனர். இதனால் அவர் கார் பிறேக்கு மிதிக்கும்போது மட்டுமன்றி, விரைந்து ஓடும்போதும் மின்னைச் சேர்த்தது. மீட்ட சத்தியில் ஐந்தில் இரண்டு பங்களவு இப்புகைவழியே வந்தது. பிறர் வீசியெறிந்ததைப் பொறுக்கிச் சேர்க்கும் அச்சாதுரியத்தை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

விளைவு யாது? 2013இல் தகுதிகாண் சுற்றில் முதலிடம் பெற்ற காரின் நேரம் 3 நிமிடம் 22.349 விநாடி. எரிபொருள் குறைந்தும் 2015இல் அது 3 நிமிடம் 16.887 விநாடியாயிற்று, 2017இல் ரொயோட்டாவின் கோபயாஷி 3 நிமிடம் 14.791 விநாடியில் ஓடினார். குறைந்த தீனியோடு கூடிய வேகம்! மற்றோர் உண்மை இதனினும் போதனை மிக்கது. 2016ஆம் ஆண்டு வந்தபோது, பறப்புச்சில்லை அவுடியாரும் கொள்ளளவியை ரொயோட்டாவினருங் கைவிட்டு, மூவரும் லிதியம் பற்றரியையே தழுவினர். எவ்வழி சிறந்தது என்று எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. இரவும் பகலும் ஓடிய தெருவே தீர்மானித்தது. போர்ஷேயின் அக்காரிற் கையாண்ட 800 வோல்ற்று மின்னமைப்பு 2019இல் அந்நிறுவனத்தின் தைக்கான் என்னும் மின்காரோடு பொதுத் தெருவுக்கு வந்ததையும் முகஞ் சுளிப்போர் கவனித்தல் நன்று.

இத்தகைய காரை ஆக்குதல் காகிதத்திற் கணக்கிடுதல் போல் இலகுவானதன்று. போர்ஷே நிறுவனத்தார் லெ மானுக்கு மீளும் எண்ணத்தை 2011இல் வெளியிட்டனர். கார் முதன்முதல் ஓடியது 2013 யூன் மாதம். ஓடியவுடன் தெரிந்தது, அந்நான்கு உருளை எஞ்சினின் அதிர்வு தாங்கொணாதது என்பது. கிராங்குத் தண்டை மீண்டும் வரைந்து வார்க்க வேண்டியதாயிற்று. 2014 லெ மானில் அந்தக் கார் முன்னணிக்கு வந்தும் இறுதி மணிகளிற் பழுதுற்றது. 2015இல் வென்றது, 2016இலும் 2017இலும் வென்றது. நிசான் நிறுவனத்தாரின் கதை வேறு. எஞ்சினை முன்னே வைத்து முற்சில்லுகளால் இழுக்கும் புதுமையான காரொன்றை அவர் 2015இற் கொணர்ந்தனர். துணிவு பாராட்டற்பாலதே. ஆயினும் அக்காரின் ஹைபிரிட் அமைப்பு பந்தய நாள்வரை செவ்வனே இயங்கவில்லை. அஃதின்றியே மூன்று கார்களை ஓடவிட்டனர். இரண்டு இடையில் நின்றன. எஞ்சியது ஓடி முடித்தும் நிரலில் இடம்பெறும் தகுதியை எட்டவில்லை. அவ்வாண்டு முடிவிலேயே முயற்சி கைவிடப்பட்டது. ஆய்வுகூடத்தில் முற்றுப்பெறாததைச் சந்தைக்குக் கொண்டுவரத் தூண்டும் விளம்பர ஆசை பொறியியலாளர்க்கு என்றும் பகை.

2016ஆம் ஆண்டின் ரொயோட்டா கதையை அறியாதார் லெ மானை அறியார். இருபத்துமூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம் வரை ஐந்தாம் இலக்கக் கார் முன்னணியில் இருந்தது. அதற்கு முன்னர் ரொயோட்டாவினர் அங்கு பலமுறை இரண்டாமிடம் பெற்றவர், ஒருபோதும் வென்றிலர். கடைசிச் சுற்றுத் தொடங்கும் வேளை நக்காஜிமாவின் கார் வலுவிழந்து, தம் குழுவினர் நின்ற இடத்தெதிரே கோட்டருகில் நின்றுவிட்டது. போர்ஷே கடந்து போய் வென்றது. மெகாயூல்களை ஏற்றி இறக்கிய பற்றரியோ, நுண்ணிய மின்சுற்றுக்களோ, பல கோடி செலவில் வார்த்த எஞ்சினோ பழுதுறவில்லை. காற்றை அழுத்தும் ரேபோவுக்கும் அக்காற்றைக் குளிர்விக்கும் கருவிக்கும் இடையிலுள்ள இணைப்புக் குழாயிலே கோளாறு ஏற்பட்டிருந்தது. கார் எப்படியோ தவழ்ந்து சுற்றை முடித்தது. ஆயின் இறுதிச் சுற்றை ஆறு நிமிடத்துள் முடிக்கவேண்டும் என்னும் விதி இருந்தமையால் அதற்கு இரண்டாமிடமுங் கிட்டவில்லை. பின்னர் 2018க்கு ஆயத்தஞ் செய்தபோது அவர் வேகத்தை மட்டும் நாடினாரல்லர். பரீட்சார்த்த ஓட்டங்களில் வேண்டுமென்றே பழுதுகளை உண்டாக்கி, அவற்றோடு காரை மீட்டுக் கொணரும் பயிற்சியை ஓட்டுநர்க்கும் தொழிலாளர்க்கும் அளித்தனர். அவ்வாண்டு வென்றனர். வெற்றிக் காலத்தில் ஒரு முயற்சியின் குணம் தெரியாது. 2016க்கும் 2018க்கும் இடைப்பட்ட அவ்விரண்டு ஆண்டுகளையே யான் ரொயோட்டாவின் பெருமையாகக் கொள்வேன்.

இவ்வளவு நன்மை விளைத்த விதி ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பீர்கள். செலவு! மூன்று நிறுவனங்களும் ஒன்றையொன்று விஞ்ச வேண்டிப் பணத்தை நீராய் இறைத்தன. டீசல் எஞ்சின்களின் புகையை மறைத்த மோசடி 2015இல் வெளிவந்தபின், தாய் நிறுவனமான வொக்ஸ்வாகன் அபராதங்களால் நெருக்குண்டது. அவுடி 2016 முடிவிலும் போர்ஷே 2017 முடிவிலும் விலகின. 2018இல் ரொயோட்டா வென்றபோது எதிர்த்து ஓட வேறொரு ஹைபிரிட் கார் களத்தில் இருக்கவில்லை. 2020இல் முதல் வகுப்பில் நின்ற கார்கள் ஐந்தே. பந்தயம் நடத்துவோர் அஞ்சியது நியாயமே. 2021இல் புதிய வகுப்பை வகுத்தனர். இப்போது ஒவ்வொரு காரின் நிறையையும் வலுவையும், ஒருமுறை பெற்றோல் நிரப்பி ஓடும் சத்தியையும் பந்தயத்துக்குப் பந்தயம் கூட்டியுங் குறைத்தும் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுமாறு செய்கின்றனர். விரைந்து ஓடுவதன் மேல் நிறை ஏறும், பின்தங்குவது வலுப்பெறும்.

சமப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுபதுகளிற் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலை நம் பழைய மாணவர் பலர் நினைவுகூர்வர். அதனையும் இதனையும் ஒரு தராசில் வைத்தல் தகாது. அங்கே தட்டில் இருந்தவை பிள்ளைகளின் எதிர்காலம். இங்கே இருப்பவை பணம் படைத்த நிறுவனங்களின் கீர்த்தி. ஆயினும், விடைத்தாள் திருத்தியபின் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் வழக்கம் எழுதினவன் மனத்தில் எத்தகைய ஐயத்தை விதைக்கும் என்பதை விளங்கிக்கொள்ள நமக்கு வேறு உரையாசிரியர் வேண்டா.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் மறைத்தலாகாது. 2024ஆம் ஆண்டில் 23 கார்கள் முதல் வகுப்பில் ஓடின. இருபத்துநான்கு மணி நேரத்தின் பின்னர் முதலாவது வந்த பெராரிக்கும் இரண்டாவது வந்த ரொயோட்டாவுக்கும் இடையே இருந்தது பதினான்கு விநாடியே. பார்ப்போர்க்கு இதனினும் விருந்து வேறு யாது? ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் காட்சி சிறந்தது என்பதால் பரீட்சை சிறந்ததாகிவிடாது. புதிய வகுப்பில் ஒரு பிரிவினர் எல்லாரும் ஒரே நிறுவனம் செய்த மோட்டரையும் ஒரே நிறுவனம் செய்த பற்றரியையும் வாங்கிப் பூட்டுகின்றனர். விடையை அச்சிட்டுக் கொடுத்தபின் வினா எதற்கு? 2025இல் அஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தார் ஹைபிரிட் அமைப்பு எதுவுமின்றிப் பன்னிரண்டு உருளை எஞ்சினோடு அதே வகுப்பில் ஓடினர். சத்தியை மீட்பவனும் மீட்காதவனும் ஒரே வேகத்தில் ஓடுமாறு விதி செய்தால், மீட்கும் வித்தையைக் கற்பதற்கு யார் இரவு விழிப்பர்? 2023இல் முதலிடத்துக்குரிய தகுதிகாண் நேரம் 3 நிமிடம் 22.982 விநாடி. பத்தாண்டுக்கு முந்திய 2013இன் நேரத்தை அடுத்து மீண்டும் வந்து நின்றுவிட்டோம். வேகங் குறைந்தது பற்றி எனக்குக் கவலையில்லை. அது பாதுகாப்புக்கும் நல்லதே. கற்றல் குறைந்தது பற்றியே கவலை.

செலவைக் கட்டுப்படுத்த வேறு வழி இல்லையென்ற காலமும் போய்விட்டது. போமியுலா வண் பந்தயத்தில் 2021 தொடக்கம் ஒவ்வொரு குழுவும் ஓராண்டிற் செலவிடக்கூடிய பணத்துக்கே வரம்பு கட்டி, கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கின்றனர். அவ்வரம்பு அங்கே இயலுமாயின் லெ மானில் ஏன் இயலாது? பணத்துக்கு ஒரு வரம்பு. ஒரு சுற்றுக்குரிய எரிபொருட் சத்திக்கு ஒரு வரம்பு. ஓட்டுநரின் உயிரைக் காக்கும் விதிகள். இவற்றை எழுதியபின், பற்றரியோ பறப்புச்சில்லோ இன்னும் எவரும் எண்ணாத வேறொன்றோ, விரும்பியதைக் கொண்டுவருமாறு கதவைத் திறந்துவிட வேண்டும். எரிபொருளை அளக்கும் மானி 2014இலேயே இருந்தது. செலவை அளக்கும் முறை 2021இல் வந்துவிட்டது. அவை இரண்டையும் லெ மானின் விதிப் புத்தகத்திற் சேர்த்து எழுதுதலே வேண்டுவது.